அரக்கு அரக்காகத் தெரிய வேண்டும்: வீட்டு லைவுக்கு அதிகச் செலவில்லாத வெளிச்சம்

ராத்திரி எட்டு மணிக்கு மேல், சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து போனில் நேரலையாகக் காட்டி விற்கும் புடவை லைவ் எதையாவது திறந்து கமெண்ட்டைப் பாருங்கள். விலை கேட்பவர்களுக்குச் சமமாக, "அக்கா, இது என்ன கலர்?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். புடவை கேமராவுக்கு முன்னால்தான் இருக்கிறது, விரித்துத்தான் காட்டுகிறார்கள். இருந்தும் அது மெரூனா, காபிக்கொட்டை கலரா, அரக்குச் சிவப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை. காட்டுகிற அக்காவும் வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது: "கேமராவுல கொஞ்சம் டார்க்கா தெரியுதுங்க, நேர்ல இதவிட நல்லா இருக்கும்."

இப்படிச் சொல்ல வேண்டிய நிலைமையே வரக்கூடாது என்பதுதான் என் கட்சி. புடவை பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு "கலர் மாறி வந்திருக்கு" என்று திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் அந்த வீட்டுப் பெண் தலையில்தான் விழும். அதற்கு மேல் பெயர் வேறு கெடும். நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் லாபத்துக்கு வைத்து விற்கிற தொழிலில் இது சின்ன அடி இல்லை.

சேலத்தில் கல்யாண வீடியோக்காரர்களோடு லைட் பிடிக்கப் போய்த் தொழில் கற்றவன் நான். அந்தக் காலத்து ஹாலஜன் லைட் ஆயிரம் வாட் இருக்கும். முகூர்த்தம் முடிவதற்குள் மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து வழியும். எல்இடி வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்து லைவ் போடுகிறவர்களுக்கு வெளிச்சம் அமைத்துக் கொடுக்கிறேன். புடவை, வெள்ளிக் கொலுசு, சமையல், ட்யூஷன் என்று எல்லா வகை வீட்டுக்கும் போகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் வரவேற்பு இப்படித்தான்: "தம்பி, பெரிய ரிங் லைட்டு மூவாயிரம் சொல்றாங்க, வாங்கிரட்டுங்களா?"

"இப்ப வேண்டாங்க்கா. டியூப் லைட்டு ஏதாச்சும் சும்மா கெடக்குதுங்களா?" என்பேன் நான்.

ரிங் லைட்டின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது வந்த கதை தெரிந்தால் அதன் குணமும் தெரியும். 1950-களில் பல் மருத்துவர்கள் வாய்க்குள் படம் எடுப்பதற்காகத்தான் லென்ஸைச் சுற்றி வளையமாக விளக்கு வைத்தார்கள். வாய்க்குள் எங்கேயும் நிழல் விழக்கூடாது என்பது நோக்கம். ஒருவர் உட்கார்ந்து முகம் மட்டும் காட்டிப் பேசுவதற்கு அது பரவாயில்லை. ஆனால் புடவைக்கு நிழல் வேண்டும். ஜரிகை எழும்பித் தெரிவதும், புட்டா நெய்த இடம் லேசாக மேடிட்டுத் தெரிவதும் அந்த மெல்லிய நிழலால்தான். நேர் எதிரிலிருந்து வளைய வெளிச்சம் அடித்தால் நெசவெல்லாம் அமுங்கி, காகிதத்தில் அச்சடித்த படம்போல ஆகிவிடும். மயில்கழுத்துப் புடவையில் இது இன்னும் மோசம். அதில் நீளவாட்டு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். துணியை அசைக்கும்போது பச்சையும் நீலமும் மாறி மாறி வருவதுதான் அதன் அழகே. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த ஆட்டம் தெரியும். நேர் வெளிச்சத்தில் ஏதோ ஒரு நிறம்தான் தெரியும், அதுவும் அரைகுறையாக.

வெளிச்சம் குறைந்தால் படம் இருட்டாக இருக்கும் என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுவது அது மட்டுமல்ல. போனின் சென்சார் சுண்டு விரல் நகத்தளவுகூட இருக்காது. வெளிச்சம் போதாதபோது அது வருகிற கொஞ்சத்தையே பெருக்கிக் காட்டும். அப்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வீடியோ என்பது அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். லைவ் என்பது படத்தைச் சுருக்கி அனுப்புகிற வேலை. முந்தின ஃபிரேமில் இருந்தது இந்த ஃபிரேமிலும் அப்படியே இருந்தால்தான் நன்றாகச் சுருக்க முடியும். புள்ளிகள் குதித்துக்கொண்டே இருந்தால், இருக்கிற டேட்டா எல்லாம் அந்தப் புள்ளிகளை அனுப்பவே செலவாகிவிடும், முகமும் புடவையும் கட்டம் கட்டமாக உடையும். "எங்க ஊர்ல நெட்டு சரியில்லீங்க" என்று சொல்லும் வீடுகளில் பாதி வீட்டுக்கு நான் செய்தது நல்ல வெளிச்சம் வைத்ததுதான். அதே சிம், அதே டவர், படம் தெளிந்துவிட்டது. இன்னொன்று, இருட்டில் போன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். முந்தானையை உதறிக் காட்டும்போது அது புகை மாதிரி இழுபடுவது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். நான் முதலில் செய்வது எல்லா லைட்டையும் அணைப்பது. நம் வீட்டு ஹாலில் பெரும்பாலும் சுவரின் உச்சியில் ஒரு டியூப் லைட், பூஜை அலமாரியில் ஒரு மஞ்சள் பல்பு, ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடாக இருந்தால் அதில் நாலைந்து ஸ்பாட் லைட், போதாக்குறைக்கு ஜன்னல். ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். வார்ம் ஒயிட் என்று விற்பது 3000 கெல்வின், டே லைட் என்பது 6500. நம் கண் இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். கேமரா ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் ஒன்று நீலம் பாயும், இல்லை மஞ்சள் பாயும். முகத்தின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் இன்னொரு நிறம் என்று பல லைவ்களில் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஒரே வகை பல்பு, ஒரே கெல்வின் எண். புடவைக்கு 5000-லிருந்து 6500-க்குள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, எல்லா விளக்கையும் அதிலேயே வாங்குங்கள். உச்சியிலிருக்கும் டியூபை எரியவிடாதீர்கள். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே பள்ளம் காட்டும். நன்றாகத் தூங்கி எழுந்தவரைக்கூடக் காய்ச்சல் வந்தவர்போலக் காட்டிவிடும்.

அப்புறம் என் வழக்கமான செட். நாலடி 20 வாட் எல்இடி டியூப் இரண்டு, ஆறடி ரீப்பர் கட்டை ஒன்று. இரண்டு டியூபையும் கட்டையில் அரை அடி இடைவெளி விட்டு இணையாக அடித்து, பிளக் டாப்போடு ஒயர் இழுத்துவிட வேண்டும். ஒயர் ஜாயிண்ட்டை டேப் சுற்றி அப்படியே தரையில் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் ஓடும் வீடாக இருக்கும். தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள். கட்டையைச் சுவரோரமாகச் செங்குத்தாக நிறுத்திக் கட்டி, அதற்கு ஓர் அடி முன்னால் கொடிக்கயிறு கட்டி, ஒற்றை வேட்டியைப் பிரித்துத் தொங்கவிடுங்கள். நல்ல வெள்ளை வேட்டியாக இருக்க வேண்டும். நீலம் போட்டுத் துவைத்தது வேண்டாம், அந்த நீலம் படத்தில் வரும். டியூபின் வெளிச்சம் வேட்டி முழுக்கப் பரவி, நாலடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்று பக்கத்தில் திறந்ததுபோல ஆகிவிடும்.

மென்மையான வெளிச்சத்தின் ரகசியம் அவ்வளவுதான். விளக்கின் விலை எவ்வளவு என்பதல்ல, உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. அதனால் பெரிதாக இருப்பது எவ்வளவு முக்கியமோ, கிட்டத்தில் இருப்பதும் அவ்வளவு முக்கியம். சின்ன பல்பை மூன்றடியிலிருந்து ஆறடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசிக்கு வந்துவிடும். நாலடி டியூபும் வேட்டியும் அந்த அளவுக்குக் குறையாது என்றாலும் தள்ளத் தள்ளக் குறையத்தான் செய்யும், நிழலின் ஓரமும் கூர்மையாகிக்கொண்டே போகும். கேமராவின் கண்ணில் படாத அளவுக்கு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள். முகத்துக்கு நேராக இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வெளிச்சத்தின் நடுப்பகுதி வரட்டும். மறுபக்கம் ஒரு நாற்காலியில் தெர்மாகோல் ஷீட்டைச் சாய்த்து வையுங்கள். இந்தப் பக்கத்து வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, அந்தப் பக்கத்து நிழலைத் தேவையான அளவுக்குத் தூக்கிக்கொடுக்கும். நிழல் அதிகமாக வேண்டுமென்றால் நாற்காலியைத் தள்ளுங்கள், குறைய வேண்டுமென்றால் இழுங்கள். இதற்கு ஸ்விட்சும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் தனியாக நிற்கும். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் வந்தது இங்கிருந்துதான். அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் நான் நினைப்பது அங்கே நின்று லைட் தூக்கிய ஆட்களைத்தான். நிறம் நிறமாகவே வரவேண்டும் என்று இந்த ஊர் விளக்குக்காரர்கள் எப்போதோ பாடுபட்டிருக்கிறார்கள்.

ஃபேன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரன் எழுதிய கட்டுரையாக இருக்காது. மே மாதத்தில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி லைவ் போடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தாலோ, மேல் கூரையில் வெளிச்சத்தை அடித்துத் திருப்பினாலோ, ஃபேன் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சத்தை வெட்டும். உட்கார்ந்திருக்கும் நமக்கு அது உறைக்காது. போன் திரையில் முகம் துடித்துக்கொண்டே இருக்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு பல்பு கெட்டுப்போச்சு என்று மாற்றுகிறார்கள், மாற்றின பிறகும் துடிக்கும். விளக்கை ஃபேன் இறக்கைக்குக் கீழே கொண்டுவந்தால் தீர்ந்தது. டேபிள் ஃபேன் வைத்தால் வேட்டி ஆடாத பக்கமாக வையுங்கள்.

துடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான பல்பு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கேமரா அதோடு ஒத்துப் போகாவிட்டால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊரும். வெப்கேம் வைத்து கம்ப்யூட்டரில் லைவ் போடுகிறவர்கள் செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50 ஆக மாற்றுங்கள். கடையில் பல்பு வாங்கும்போதே எரியவிடச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷனில் பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். படபடவென்று அடித்தால் வேறு கம்பெனி பல்பு கேளுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

இனி அரக்கு. எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம் இது.

நாம் வெள்ளை எல்இடி என்று வாங்குவது உள்ளுக்குள் நீல விளக்குதான். நீல ஒளி தரும் சின்னஞ்சிறு சில்லின் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசியிருப்பார்கள். இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியலுக்கான நோபல் கிடைத்தது. பெரிய காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மலிவாகச் செய்யும் கலவையில் அடர்ந்த சிவப்பு மிகவும் குறைச்சல். வெளிச்சத்தில் இல்லாத சிவப்பைப் புடவை எங்கிருந்து திருப்பித் தரும்? அரக்கு காபிக்கொட்டையாகிறது, குங்குமச் சிவப்பு செங்கல்லாகிறது, நம் தோலில் இருக்கும் இளஞ்சிவப்பு ஓட்டமும் சேர்ந்து போய் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது.

பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு இவ்வளவு என்று மார்க். வீட்டு பல்புகளில் சாதாரணமாக 80 இருக்கும். முதல் வகுப்பு மார்க்தானே என்று தோன்றும். அந்த மார்க் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது நிறம், ஆர்9 என்பார்கள், அது சராசரியில் சேர்வதே இல்லை. அதனால் 80 வாங்கிய பல்பு அடர் சிவப்பில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்பது சகஜம். ஆகவே புடவை விற்கிற வீட்டுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: வாட்டைக் கூட்டாதீர்கள், சிஆர்ஐ 90-க்கு மேல் போட்டிருக்கும் விளக்கைத் தேடுங்கள், ஆர்9-ம் அச்சடித்திருந்தால் இன்னும் நல்லது. விலை கொஞ்சம் கூடும். ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொரு கடையில் கேளுங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். ஸ்டாண்டு, பின்னணிப் படுதா, ரிமோட் எல்லாம் அதற்குப் பிறகு. சோதிப்பது சுலபம். காலை பத்து மணிக்கு ஓர் அரக்குப் புடவையை வாசல் நிழலில் வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே கொண்டுவந்து அந்த விளக்கின் கீழே பாருங்கள். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தால், கேமராவை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

நல்ல விளக்கு வைத்த பிறகும் போன் ஒரு வேலை செய்யும். சிவப்புப் புடவையைத் திரை நிறைய விரித்தால், அறை வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து அதைக் குறைக்கப் பார்க்கும். அடுத்து பச்சை வந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். கறுப்புப் புடவை வந்தால் எல்லாவற்றையும் வெளுப்பாக்கும், சந்தன நிறம் வந்தால் இருட்டாக்கும். கேமரா ஆப்பில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். லைவ் ஓடும் ஆப்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி இருப்பதில்லை. அதனால் புடவையைத் திரை முழுக்க நிரப்பாதீர்கள். மேசைமேல் சாம்பல் நிறத் துணி விரித்து, அது நாலு பக்கமும் கொஞ்சம் தெரியும்படி, விற்பவர் முகமும் கூடவே தெரியும்படி வையுங்கள். போனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று நிலையாக இருந்தால் அது அலைபாயாது. சுவர் வெள்ளையாக இருந்தால் நாலைந்து அடி முன்னால் தள்ளி உட்காருங்கள். சுவரில் வெளிச்சம் குறைந்தால்தான் முகம் எழும்பும்.

பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது முகத்தோடு புடவையின் நிறத்தையும் மாற்றுகிறது என்பது தொழில் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாநிறமும் கறுப்பும் நல்ல வெளிச்சத்தில் அவ்வளவு அழகாக வரும். பெரிய வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தால் கறுத்த தோலின் மேல் அது வழுவழுவென்று படிவதைப் பார்க்க வேண்டும். அதை வெளுக்க வைப்பதற்காக யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

கொலுசு விற்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அமைத்தபோது வேட்டியைக் கொலுசுக்கு மேலேயே பந்தல்போலக் கட்ட வேண்டியிருந்தது. வெள்ளி கண்ணாடி மாதிரி. அதன்மேல் வெளிச்சம் விழுவதைவிட, அதில் எது பிரதிபலிக்கிறது என்பதுதான் முக்கியம். ரிங் லைட் வைத்தால் ஒவ்வொரு மணியிலும் ஒரு குட்டி வளையம் தெரியும். வெள்ளைத் துணி பிரதிபலித்தால் வெள்ளி பளிச்சென்று இருக்கும், ஆனால் கொலுசின் பாகங்களான சாவியும் முத்தும் ஒன்றோடொன்று கலந்து உருவம் தெரியாது. அதற்கு இரண்டு விரல் அகலத்தில் கறுப்புச் சார்ட் பேப்பரை வெட்டி, கேமராவில் படாமல் கொலுசின் ஓரமாக நிறுத்தினால் போதும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கறுப்புக் கோடு விழுந்து வேலைப்பாடு எழும்பும்.

ஏற்காட்டிலிருந்து காப்பியும் மிளகும் லைவில் விற்கும் ஒரு குடும்பத்துக்கும் போயிருந்தேன். 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனி இறங்கினால் ஜன்னல் முழுக்க மென்மையான வெளிச்சம்தான், வேட்டியே தேவையில்லை. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே பனி விலகி வெயில் அடிக்கும், அடுத்த நிமிடம் மறுபடி மூடும். அங்கே 6500 கெல்வின் டியூபை முக்கிய வெளிச்சமாக வைத்து, ஜன்னலை நிழல் தூக்குவதற்கு மட்டும் விட்டேன். பனியின் வெளிச்சமும் நீலம் பாய்ந்ததுதான், இரண்டும் ஒத்துப்போயின. கீழே சேலத்தில் இதே தொல்லை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வரும். பொழுது சாயச் சாய ஜன்னல் வெளிச்சம் நிறம் மாறும். ஒன்று ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இல்லை இருட்டிய பிறகு ஆரம்பியுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? இங்கேதான் சின்ன ரிங் லைட் கைகொடுக்கும். யூஎஸ்பியில் ஓடும் பத்து இஞ்ச் வளையம் பத்து வாட்டுக்குள்தான் இழுக்கும், பவர் பேங்கில் ஓடிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு டியூபை ஒருமுறை கேமராவில் பார்த்துவிடுங்கள். சில இன்வெர்ட்டரில் டியூப் மினுக்கும். அதை லைவுக்கு நடுவில் கண்டுபிடிக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து, படம் உங்கள் போனில் நன்றாக வந்துவிட்டது. இன்னும் ஒரு தடை பாக்கி இருக்கிறது. ராத்திரியில் பார்ப்பவர்களில் பலர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போனில் திரையை மஞ்சளாக்கும் மோடு போட்டிருப்பார்கள். நீங்கள் எவ்வளவு பாடுபட்டு அனுப்பிய அரக்கும் அங்கே போய்ப் பழுப்பாகிவிடும். அதனால் ஃபிரேமின் ஓரத்தில் வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைக்கச் சொல்கிறேன். இளம்பிள்ளையில் நான் அமைத்துக் கொடுத்த அக்கா ஒருவர் இப்போது லைவ் ஆரம்பிக்கும்போதே அதைக் கையில் எடுத்துக் காட்டிவிடுகிறார்: "இந்த வேட்டி உங்களுக்கு மஞ்சளா தெரிஞ்சுதுன்னா, போன்ல அந்த நைட் மோடை ஆஃப் பண்ணிட்டு வாங்க கண்ணு, அப்புறமா புடவை காட்டுறேன்."